மூழ்கிய போர்க்கப்பலைக் காகிதத்தில் தேடுவது எப்படி? ஹெர்மிஸை வைத்து ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு வெளிச்சவீட்டுக்கு அப்பால், கரையிலிருந்து சில மைல் தள்ளி, ஐம்பது மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் கடற்படை விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த கப்பல். 307 பேர் இறந்தார்கள். எங்கள் ஊரில் இது தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அன்று காலை என்ன நடந்தது என்பதை மூல ஆவணங்களில் பார்க்க வேண்டும் என்று நான் கிளம்பியபோது, எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆளில்லை. இரண்டு வருடம் ஓடியது. அதில் பாதி வீணாகப் போனது. சரியான வரிசையில் போனால் நாலைந்து மாதத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஹெர்மிஸ் உதாரணம் மட்டுமே. நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு கட்டிய எந்தப் பிரித்தானியப் போர்க்கப்பலுக்கும் இதே வழி பொருந்தும்.

தொடங்குமுன் ஒரு விஷயம். கப்பல் மூழ்கினால் அதிலிருந்த காகிதமும் மூழ்கிவிடும். ஹெர்மிஸின் கடைசி நாள் லாக் புத்தகத்தை, அதாவது கப்பலிலேயே எழுதும் நாட்பதிவை, தேடி நான் மூன்று மாதம் செலவழித்தேன். அது கடலுக்கடியில் இருக்கிறது. மூழ்கிய கப்பலைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம்தான் கேட்க வேண்டும்: கூடப் போன கப்பல், காப்பாற்ற வந்த கப்பல், கரையிலிருந்த விமானத் தளம், குண்டுபோட்ட எதிரி. அவர்களுடைய காகிதங்கள் தப்பியிருக்கின்றன.

1. எந்தக் கப்பல் என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

பிரித்தானியக் கடற்படை ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைக்கும். விமானத்தோடு சம்பந்தப்பட்ட ஹெர்மிஸ் மட்டும் மூன்று. முதலாவது, 1898இல் நீரில் இறக்கப்பட்ட குரூசர். 1913இல் கடல் விமானங்களை ஏற்றிப் பரிசோதனை செய்தார்கள். 1914 அக்டோபர் 31 அன்று டோவர் நீரிணையில் ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. இரண்டாவது நம்முடையது. 1918 ஜனவரியில் கட்டத் தொடங்கி, 1919 செப்டம்பரில் நீரில் இறக்கி, 1924இல் சேவைக்கு வந்தது. மூன்றாவது 1959இல் சேவைக்கு வந்து, 1982இல் ஃபோக்லாந்துப் போரில் தலைமைக் கப்பலாக இருந்து, 1987இல் இந்தியாவுக்குப் போய் ஐஎன்எஸ் விராட் ஆனது.

மூன்றிலும் விமானம் உண்டு. எனவே ஹெர்மிஸ் என்றும் விமானம் என்றும் சேர்த்துத் தேடினால் மூன்றும் கலந்து வரும். நான் ஆண்டைப் பார்க்காமல் ஒரு கட்டு லாக் புத்தகங்களுக்குப் பதிவு செய்துவிட்டு, மேசையில் திறந்து பார்த்தபோது அவை பழைய குரூசருடையவை. ஒரு நாள் போயிற்று, பயணச் செலவும் போயிற்று.

ஒரு அட்டையில் இவ்வளவையும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், கட்டத் தொடங்கிய ஆண்டு, நீரில் இறக்கிய ஆண்டு, சேவைக்கு வந்த ஆண்டு, முடிந்த நாள், கப்பலின் அடையாள எண். நம் ஹெர்மிஸின் எண் 95. பட்டியலில் எந்தப் பதிவைக் கண்டாலும் முதலில் தேதியை இந்த அட்டையோடு ஒத்துப் பாருங்கள்.

2. ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள், கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் கப்பலின் முழு வரலாற்றையும் தேடப் போவார்கள். வேண்டாம். ஒரு நாளை எடுத்து மணிக்கணக்கில் தேடுங்கள். பெரிய தாளில் நாலைந்து கோடு போட்டு, ஒவ்வொரு பத்தியிலும் ஒரு தரப்பை எழுதுங்கள்: ஹெர்மிஸ், கூடப் போன வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல், திருகோணமலையின் சைனாபே விமானத் தளம், ஜப்பானியர், கரையிலிருந்தவர்கள். இடது ஓரத்தில் நேரம்.

நேரத்தில்தான் பெரிய பொறி இருக்கிறது. ஜப்பானியக் கடற்படை உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் டோக்கியோ நேரத்தில் பதிவு எழுதும். பிரித்தானியர் உள்ளூர் நேரத்தில் எழுதுவார்கள். அன்றைய இலங்கை நேரத்துக்கும் டோக்கியோவுக்கும் சுமார் மூன்று மணி நேர வித்தியாசம். பிரித்தானியக் கணக்கில் தாக்குதல் தொடங்கியது காலை பத்தரை வாக்கில். ஜப்பானியத் தாளில் அதே குண்டு பகல் ஒன்றரைக்கு விழும். இதைக் கவனிக்காமல் இரண்டு தாக்குதல்கள் நடந்தன என்று எழுதுவது மிக எளிது. நானே என் முதல் குறிப்பில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

கரைப் பத்தியைக் காலியாக விடாதீர்கள். என் அம்மம்மா அப்போது சின்னப் பிள்ளை. வீட்டில் காலைச் சாப்பாடு முடிந்து, மத்தியானச் சமையலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த நேரம் கடல் பக்கம் இடி மாதிரிக் கேட்டது என்பார். அது பத்தரையோடு சரியாகப் பொருந்துகிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வேலையை ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன்பே செய்யுங்கள். போனில் ஒலிப்பதிவு செய்து, தேதியும் பெயரும் சேர்த்து வையுங்கள். என்ன சமைத்தார்கள், எந்தப் பக்கம் வெயில் அடித்தது என்று கேளுங்கள். மணி கேட்டால் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது.

3. வீட்டிலிருந்தபடியே கிடைப்பதை முதலில் முடியுங்கள்

இதற்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். ஒரு பைசா செலவில்லை. நான் இதைக் கடைசியில் செய்தேன், அதுதான் என் பெரிய தவறு.

பொதுநலவாய போர்க் கல்லறை ஆணைக்குழுவின் தளத்தில் இறந்தவர்களின் பட்டியல் இருக்கிறது. கப்பல் பெயரையும் தேதியையும் கொடுத்தால் ஆள் ஆளாக வரும். கப்பலோடு இறந்த தளபதி ஒன்ஸ்லோவையும் அங்கே காணலாம். கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லை. போர்ட்ஸ்மத், பிளிமத், சாட்டம் ஆகிய மூன்று துறைமுக நகரங்களின் நினைவுச் சின்னங்களில் பெயர் பொறித்திருப்பார்கள். கடற்படையின் விமானப் பிரிவைச் சேர்ந்தவர் என்றால் லீ ஆன் சோலன்ட் நினைவுச் சின்னத்திலும் பாருங்கள். ஒரே கப்பலில் இறந்தவர்கள் நாலு இடத்தில் சிதறிக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் தளம். ஆஸ்திரேலியக் கப்பல்கள் தலைமையகத்துக்கு அனுப்பிய நடவடிக்கை அறிக்கைகளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். வாம்பயர் அதே நாளில் மூழ்கியது என்றாலும், கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட தாள்கள் மூழ்குவதில்லை. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களும் உண்டு. போர்க்காலத் தணிக்கை இருந்ததால் செய்தி வந்த தேதியை நடந்த தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் படியில் மிக வளமானது ஜப்பானிய ஆவணங்கள். ஜாக்கார் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் இணையதளம் 2001 முதல் இயங்குகிறது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பணம் இல்லை. விமானப் படைகளின் போர் நடவடிக்கைத் தாள்கள் ஒவ்வொரு தாங்கிக் கப்பலுக்கும் தனித்தனியாக இருக்கின்றன. அன்று வந்தவை ஐந்து: அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, ஜுயிகாகு. ஆங்கிலத்திலும் தேடலாம், ஆனால் குறைவாகத்தான் அகப்படும். விக்கிப்பீடியாவில் அந்தக் கப்பலின் ஜப்பானியப் பக்கத்தைத் திறந்து, தலைப்பிலுள்ள எழுத்துகளை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். வரும் முடிவுகளில் சி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீட்டு எண் உள்ளவை பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆவணங்கள். நமக்கு வேண்டியவை அவைதான். ஆண்டு 1942 என்று இருக்காது, ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஷோவா 17 என்று இருக்கும்.

தாளைத் திறந்தால் முதலில் பயமாக இருக்கும். கட்டம் கட்டமாக, கையெழுத்தில், மேலிருந்து கீழாக எழுதியிருப்பார்கள். ஆனால் அமைப்பு எளிது. விமானத்துக்கு ஒரு வரி, அதில் ஆட்களின் பெயர், என்ன குண்டு, என்ன ஆனது. கீழே நேர வரிசை. எண்களைப் படிக்கப் பத்து எழுத்துகள் தெரிந்தால் போதும், ஒரு மாலையில் பழகிவிடலாம். மற்றதற்கு ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி இந்தக் கையெழுத்தில் தடுமாறும். அதை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கப்பல் மூழ்கும் புகழ்பெற்ற படம் ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்தது. இணையத்தில் அதை அரிய படம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் நான் நாற்பது பவுண்ட் கொடுத்து வாங்கினேன். அதே படம் இலவசமாகக் கிடைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

4. கோப்பு எண் இல்லாமல் கியூவுக்குப் போகாதீர்கள்

பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம் லண்டனின் மேற்குப் பக்கம் கியூவில் இருக்கிறது. டிஸ்கவரி என்ற அதன் பட்டியலை உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம். கடற்படைக் கோப்புகள் அட்மிரால்டி என்பதன் சுருக்கமான ஏ, டி, எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தோடும் ஒரு வரிசை எண்ணோடும் இருக்கும். இங்கே அட்மிரால்டி 53 என்பது போல எழுதுகிறேன், நீங்கள் தேடும்போது அந்த மூன்று எழுத்தையும் அடியுங்கள்.

53 என்பது கப்பல்களின் லாக் புத்தகங்கள். 137 முதல் உலகப் போர்க் கோப்புகள். 199 இரண்டாம் உலகப் போரின் நடவடிக்கை அறிக்கைகளும் படைத் தலைமையகங்களின் போர் நாட்குறிப்புகளும். 1, 116 இரண்டும் பொதுக் கடிதப் போக்குவரத்து, விசாரணைகள். மாலுமிகளின் பழைய சேவைப் பதிவு 188, அதிகாரிகளுக்கு 196. கப்பல் எப்படிப் போனது என்று தெரிய 199இல் தொடங்குங்கள். லாக் புத்தகத்தில் தொடங்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். லாக் புத்தகம் என்றதும் சாகசக் குறிப்பு என்று நினைப்போம். திறந்து பார்த்தால் மணிக்கு மணி ஓடிய தூரம், திசை, காற்றின் வேகம், காற்றழுத்தம், வெப்பநிலை, நோயாளிகளின் எண்ணிக்கை. ஓரத்தில் ஒரு சின்னக் குறிப்பு, பக்கத்தில் காவல் அதிகாரியின் இனிஷியல். கப்பல் எங்கே இருந்தது என்று உறுதிசெய்ய இதைவிட நம்பகமானது கிடையாது. என்ன நடந்தது என்று அறிய இது போதாது. அப்புறம், இரண்டாம் உலகப் போரில் நாசகாரி போன்ற சிறிய கப்பல்களின் லாக் புத்தகங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். அவற்றைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

விமானங்களைத் தேடுகிறவர்கள் இந்தத் தேதிகளைச் சுவரில் ஒட்டி வையுங்கள். 1918 ஏப்ரல் 1 அன்று கடற்படையின் விமானப் பிரிவை இராணுவத்தினுடையதோடு இணைத்து ஆர்ஏஎஃப் என்ற வான்படையை உருவாக்கினார்கள். 1939 மே மாதத்தில்தான் கடற்படை தன் விமானங்களை முழுமையாகத் திரும்பப் பெற்றது. எனவே இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டுகளில் கப்பலிலிருந்து பறந்த விமானங்களின் காகிதம் பெரும்பாலும் வான்படைக் கோப்புகளில் இருக்கும். அவை ஏ, ஐ, ஆர் என்ற எழுத்துகளில் தொடங்கும். 1918க்கு முந்தைய கடற்படை விமானிகளுக்கு ஏ, ஐ, ஆர் 1, அதிகாரிகள் என்றால் அட்மிரால்டி 273. 1939க்குப் பிறகு கடற்படை விமானப் பிரிவுகளுக்கு அட்மிரால்டி 207.

ஹெர்மிஸ் அன்று ஒரு விமானம்கூட இல்லாமல்தான் கடலுக்குப் போனது. அதன் சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் கரையில் இருந்தன. ஆகவே வானில் என்ன நடந்தது என்று அறிய, திருகோணமலை சைனாபே தளத்தில் ஹரிகேன் விமானங்களோடு இருந்த வான்படையின் 261ஆம் பிரிவின் நாட்பதிவைப் பார்க்க வேண்டும். அது ஏ, ஐ, ஆர் 27 வரிசை. இந்த வரிசையை டிஜிட்டல் ஆக்கிவிட்டார்கள், வீட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

வேறு நாட்டுக் கப்பல் என்றால் கியூவோடு நிற்காதீர்கள். சென்னையைத் தாக்கிய எம்டன் போன்ற ஜெர்மன் கப்பலுக்கு ஃபிரைபர்க் நகரிலுள்ள இராணுவ ஆவணக் காப்பகம், அமெரிக்கக் கப்பலுக்கு மேரிலாந்தில் காலேஜ் பார்க்கிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம்.

5. வாசகர் அட்டையும் பதிவும்

மூல ஆவணத்தைத் தொட வாசகர் அட்டை வேண்டும். இலவசம். இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டு, நேரில் போய் அடையாளம் காட்டிப் பெற வேண்டும். இரண்டு சான்றுகள் வேண்டும்: பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று. கடவுச்சீட்டு பெயரை மட்டும் நிரூபிக்கும், முகவரிக்குத் தனியாக ஒன்று கட்டாயம். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஏற்றுக்கொள்ளும் சான்றுகளின் பட்டியல் காப்பகத்தின் தளத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் அதைக் கிளம்புவதற்கு முன்பே வரி வரியாகப் பாருங்கள். இரண்டு சான்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருப்பது சகஜம். அப்படி இருந்தால் மின்னஞ்சலில் முன்பே கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கையையும் கோப்புகளையும் இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். சாதாரண வருகைக்குப் பன்னிரண்டு கோப்புகள் வரை கேட்கலாம். சில கோப்புகள் கியூவில் இல்லாமல் வேறு ஊரிலுள்ள சேமிப்பிடத்தில் இருக்கும். அவை வந்து சேரச் சில வேலை நாட்கள் ஆகும், பட்டியலிலேயே அப்படிக் குறித்திருப்பார்கள். ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமையை முதல் நாளாக வைத்து, விடாமல் மூன்று நாள் போடுங்கள். முதல் நாள் கோப்பைப் படித்தால்தான் இரண்டாம் நாள் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

6. அந்த மூன்று நாட்கள்

கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. பேனா உள்ளே போகாது, பென்சில் மட்டும். பையையும் கோட்டையும் லாக்கரில் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போக வேண்டும். சாதாரணக் கோப்புகள் முதல் மாடி, பெரிய வரைபடங்கள் இரண்டாம் மாடி.

சொந்தக் கேமராவிலோ போனிலோ படமெடுக்கக் கட்டணம் இல்லை. எனவே உட்கார்ந்து படிக்காதீர்கள். புரட்டுங்கள், படமெடுங்கள், வீட்டில் படியுங்கள். ஒவ்வொரு கோப்பின் முதல் படமும் அட்டையிலுள்ள கோப்பு எண்ணாக இருக்கட்டும். நான் முதல் நாள் நானூறு படம் எடுத்தேன், எது எந்தக் கோப்பு என்று பிரிக்கவே இரண்டு வாரம் ஆனது. போர்க்காலத் தாள் மெல்லியது. பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தரலாமா என்று ஊழியரிடம் கேளுங்கள், தாங்களே செய்து தருவார்கள். கோப்பைக் கட்டியிருக்கும் நாடாவை அவிழ்த்தால் தாள்களின் வரிசையை மாற்றாமல் திரும்பக் கட்டுங்கள். அடுத்த ஆள் அந்த வரிசையை நம்பித்தான் வருவார்.

7. செலவும் காலமும்

பட்டியலும் வாசகர் அட்டையும் படமெடுப்பதும் இலவசம். செலவு முழுவதும் பயணத்தில்தான். வெளிநாட்டவருக்கு விசாவுக்கே நூறு பவுண்டுக்கு மேல் போகும், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் வரை ஆகும். லண்டன் நகரின் நடுவே தங்க வேண்டியதில்லை. டிஸ்ட்ரிக்ட் ரயில் பாதையில் எங்கே உறவினர் வீடு இருந்தாலும் போதும்.

போக முடியாதவர்கள் கோப்பைப் பிரதியெடுத்து அனுப்பச் சொல்லிப் பணம் கட்டலாம். பக்கக் கணக்கில் கட்டணம் என்பதால் இருநூறு பக்கக் கோப்பு நூறு பவுண்டை எளிதாகத் தாண்டும். முதலில் பக்கங்களை எண்ணிச் சொல்லவே ஒரு கட்டணம் உண்டு. மூன்று நாலு கோப்பு வேண்டுமென்றால், லண்டனில் படிக்கும் நம் பிள்ளை ஒருவரை ஒரு நாள் அனுப்புவது மலிவு. கோப்பு எண்களை நீங்களே சரியாக எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கப்பலின் கட்டுமான வரைபடங்கள் வேண்டுமென்றால் அவை கியூவில் கிடைக்காது. கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திடம் கேட்க வேண்டும். முன்கூட்டியே நாள் வாங்காமல் போகக் கூடாது. வரைபடப் பிரதிக்கு விலை அதிகம். கப்பல் மாதிரி செய்கிறவர்களுக்கு மட்டும் அது தேவை.

8. தாள்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது

கட்டாயம் முரண்படும். எத்தனை குண்டு பட்டது என்பதில் குண்டு போட்டவர் கூட்டிச் சொல்வார். பட்டவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று பக்கத்தில் குறியுங்கள். சராசரி எடுக்காதீர்கள்.

உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ்தான் என்று ஒருவர் எழுதுவார். இல்லை, ஜப்பானின் ஹோஷோ என்பார் மற்றவர். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கியதில் ஹெர்மிஸ் முந்தியது. ஹோஷோவைக் கட்டத் தொடங்கியது 1920 டிசம்பரில். ஆனால் அது 1922 டிசம்பரிலேயே சேவைக்கு வந்து முந்திக்கொண்டது. முதல் அட்டையில் மூன்று தேதிகளையும் தனித்தனியாக எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

தப்பியவர்களை மருத்துவக் கப்பல் வீட்டா ஏற்றிக்கொண்டது, சுமார் 600 பேர். சிலர் நீந்தியும் கரை சேர்ந்தார்கள். கரை சேர்ந்தவர்களைப் பற்றிய கதைகள் மட்டக்களப்பில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன, கியூவில் இல்லை. என் தாளில் கரைப் பத்தி இன்னும் பாதி காலிதான். உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவர் பெயர், ஊர், அப்போது அவருக்கு என்ன வயது என்ற மூன்றையும் சேர்த்து எழுதி வையுங்கள். அந்த மூன்றும் இருந்தால்தான் அதை மற்றத் தாள்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.